ஒப்புப்படம்

"நேத்து கருவாடா டாக்டர்?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காஜா முகைதீன் கேட்டான். "குரல் நாண் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. தண்ணி குடிச்சுட்டு வரக் கூடாதா?"

ஜெபகனி பதில் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. தொண்டைக்குள் படம் பிடிக்கும் மிடறுநோக்கியின் வளையத்துக்குள் கழுத்தைக் கொடுத்து மல்லாந்து படுத்திருந்தாள். ஆ, ஈ, ஊ சொல்லி முடித்தாயிற்று. இனி வளையம் சுற்றி ஓயும் வரை மௌனப் படம். பேசாமல், விழுங்காமல், கூரையைப் பார்த்தபடி கிடக்க வேண்டும்.

தினமும் முதல் நோயாளிக்கு முன்னால் நலமான மிடறு ஒன்று அந்த வளையத்துக்குள் போயாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் இயந்திரம் அன்றைக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இது நலம், இதிலிருந்து விலகியதெல்லாம் காயம். அதற்குப் பெயர் ஒப்புப்படம். இயந்திரத்தை ஓட்டும் முகைதீன் சிகரெட் பிடிப்பவன். துறைத் தலைவர் சிதம்பரநாதனுக்கு ஏற்கெனவே அறுவை நடந்த கழுத்து. மிஞ்சியவள் ஜெபகனி. திருநெல்வேலியில் இருந்ததுதான் நாட்டின் முதல் மிடறுநோக்கி என்பதால், பிற்பாடு வந்த எல்லா இயந்திரங்களுக்கும் அவள் கழுத்தே அளவுகோலாகிவிட்டது. டெல்லியில் ஒருவனுக்குத் தொண்டையில் அடிபட்டால், அவன் ஜெபகனியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறான் என்றுதான் அங்குள்ள இயந்திரம் பார்த்தது.

மௌனப் படம் ஓடும்போது சிதம்பரநாதன் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நிற்பார். அவருடைய காலைச் சுற்று அங்கேதான் தொடங்கும். ஜெபகனி கூரையைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் அவரோடு ஏதேதோ பேசுவாள். மனதுக்குள்தானே.

மிடறுநோக்கியைச் செய்தது விபத்துகளுக்காக. மாஞ்சா நூல் அறுத்த கழுத்து, பைக் சக்கரத்தில் துப்பட்டா சிக்கி இறுகிய கழுத்து, ஸ்டியரிங்கில் மோதிய கழுத்து. முன்பெல்லாம் இப்படி வருகிறவர்களின் வாய்வழியாகக் குழாயை விட்டுப் பார்ப்பதற்குள் உள்ளே வீங்கி மூச்சு நின்றுவிடும். வளையம் தொடாமலே பார்த்தது. கண் ஒருமுறை இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான படங்கள். குரல் நாண்கள் அதிர்வதை, அந்த அதிர்வுக்குள் ஈரம் அலையாக நகர்வதை, மழைக்காலக் குளத்தை மேலிருந்து பார்ப்பது போலப் பார்க்க முடிந்தது.

அப்புறம் நாடு அதற்கு வேறொரு வேலை கொடுத்தது. எவன் குரலையும் எவனும் செய்யலாம், முகத்தையும் கையெழுத்தையும்கூடச் செய்யலாம் என்று ஆன பிறகு நம்புவதற்கு எதுவும் மிச்சமில்லை. மிடறுநோக்கி மட்டும் ஒன்றை உறுதியாகச் சொன்னது. இந்தச் சொல் இந்தக் கழுத்தில்தான் பிறந்தது. அதற்கு மிடற்றுச் சான்று என்று பெயர் வைத்தார்கள். வீடு வாங்கக் கழுத்து, சாட்சி சொல்லக் கழுத்து. தாலிக்குக் கழுத்தை நீட்டுவது முன்பு பெண்ணின் வேலை. இப்போது பதிவு அலுவலகத்தில் மாப்பிள்ளையும் நீட்டினான். எழுதிக் கொடுப்பது எங்கும் செல்லாது என்றானது. குரல் போனவர்களைப் பற்றி மட்டும் சட்டம் செய்தவர்கள் யோசிக்கவில்லை.

இசக்கியம்மாளை ஒரு மத்தியானம் கொண்டுவந்தார்கள். தென்காசிப் பக்கத்துப் பெண், விளையாட்டு விடுதியின் கபடி அணியில் முதல் ரெய்டர். கழுத்தெல்லாம் வீக்கம். மூச்சு விசில் அடித்தது. கூடவே அணியின் பயிற்சியாளர் துரைராசு மாஸ்டர்.

"ஆட்டத்துல முழங்கால் பட்டுட்டு டாக்டரம்மா. சின்னப் பிள்ளையில இருந்து நாந்தான் வளத்தேன். என் பிள்ளை மாதிரி. எப்படியாவது பாத்து விடுங்க."

படம் திரையில் எழுந்தது. ஜெபகனிக்கு எத்தனை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. குரல்வளை ஒரு சின்ன வீடு. முன்பக்கம் கேடயம் போன்ற குருத்தெலும்பு, அடியில் மோதிரம் போன்ற ஒன்று, உள்ளே இரண்டு நாண்கள். முன்னாலிருந்து வரும் அடி கேடயத்தைக் கழுத்தெலும்போடு வைத்து நசுக்கும். நடுவில் நெடுக்காகப் பிளக்கும். இசக்கியின் கேடயம் நடுவில் முழுசாக இருந்தது. பின்பக்கம் அதன் மேல்முனையில் இருக்கும் கொம்புகள்தான் இரண்டும் முறிந்து உட்பக்கமாக வளைந்திருந்தன. பக்கவாட்டில் இறுக்கினால்தான் அவை முறியும். ஒரு பக்கம் தசைக்குள் பெரிய இரத்தக்கட்டு. மறுபக்கம் சின்னச் சின்னதாக, ஒன்றன் கீழ் ஒன்றாக.

முழங்காலுக்கு விரல்கள் கிடையாது.

ஜெபகனி திரையைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். படுக்கையிலிருந்து இசக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் சிதம்பரநாதன் உள்ளே வந்தார். கபடிச் சங்கத்துக்கு அவர்தான் மருத்துவ ஆலோசகர். படத்தைப் பார்த்தார், மாஸ்டருக்குத் தலையசைத்தார், ஜெபகனியின் காதருகே குனிந்தார்.

"என்ன ஒடைஞ்சிருக்குன்னு சொல்றதுதான் நம்ம வேலை ஜெபா. எப்படி ஒடைஞ்சுதுன்னு இல்ல."

ஜெபகனி பேனாவை மூடினாள்.

அறுவை நடந்தது. கொம்புகளை நிமிர்த்தினார்கள், மூச்சு திரும்பியது. குரல் திரும்பவில்லை. இடப்பக்க நரம்பு நசுங்கிப் போயிருந்தது. அந்த நரம்பைப் பற்றிப் படித்த நாளிலிருந்தே ஜெபகனிக்கு வியப்பு. மூளையிலிருந்து குரல்வளைக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஆனால் இடப்பக்க நரம்பு நேராக வராது. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடியை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மேலே ஏறி வரும். ஒவ்வொரு சொல்லும் இதயத்தின் வாசல் வரை போய்த் தொட்டுவிட்டுத்தான் தொண்டைக்கு வருகிறது.

இசக்கிக்கு மறுகுரல் பட்டை கட்டிப் பார்க்க முடிவானது. மிடறுநோக்கியைச் சுருக்கிக் கழுத்தில் அணிகிற அளவுக்குச் செய்திருந்தார்கள். மிச்சமிருக்கும் தசைகளின் அசைவைப் படம் பிடித்து, காயம் படாமலிருந்தால் அந்தக் குரல்வளை என்ன ஒலி எழுப்பியிருக்குமோ அதை அப்படியே எழுப்பும். கட்டிப் பேசும் முதல் ஆள் இசக்கி.

முகைதீன் பட்டையை மாட்டிவிட்டு விசையைத் தட்டினான்.

"யம்மா," என்றது பட்டை. கரகரப்பும் கொஞ்சம் மூக்கும் கலந்த, மைதானத்தில் கத்திப் பழகிய குரல். இசக்கி கையை எடுத்துக் கழுத்தில் வைத்தாள். உதடு அசையவேயில்லை.

"என் குரல். என் குரலேதான். பசிக்கி. ஆஸ்பத்திரி இட்லிய மனுசன் திம்பானா. இந்த ஆளு மீசை என்ன, பூனை கடிச்சுப் போட்டாப்ல இருக்கு. டாக்டரக்கா ஏன் இப்படி முழிக்கா, பேய் கண்டாப்ல. அய்யோ. இதெல்லாம் வெளிய கேக்குதா? கேக்குது. நிறுத்து. சனியனே நிறுத்து, நான் இன்னும் பேசவே இல்ல, நிறு—"

பட்டையைப் பிய்த்து எறிந்தாள். முகம் கன்றிப்போயிருந்தது. பக்கத்திலிருந்த சிலேட்டை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள்: பூட்டு வேணும்.

"என் மீசையைப் பத்தி என் பொண்டாட்டிகூட இப்படிச் சொன்னதில்ல," என்றான் முகைதீன், மூக்குக்குக் கீழே தடவிக்கொண்டே.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. ஜெபகனி இசக்கியின் மௌனப் படத்தையும் தன் ஒப்புப்படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மிக மெதுவாக ஓடவிட்டாள். இத்தனை காலம் யாரும் மௌனப் படத்தை இவ்வளவு மெதுவாக ஓட்டிப் பார்த்ததில்லை. ஒன்றும் இல்லாத படத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

எல்லாம் இருந்தது. ஜெபகனியின் நாண்கள் சும்மா இருக்கவில்லை. ஓயாமல் ஏதோ நடுங்கிக்கொண்டே இருந்தது. நாக்கின் அடியில் ஒரு சொல் உருவாகும், தசைகள் அதற்கேற்ப இழுபடும், நாண்கள் சேர வரும். அந்தக் கணத்தில் இரண்டும் இமை மூடுவது போல ஒருமுறை இறுக மூடித் திறக்கும். சொல் அங்கேயே முடிந்துவிடும். உடனே அடுத்த சொல், உடனே அடுத்த மூடல். மௌனம் என்று அவள் நினைத்துக் கிடந்த நேரம் முழுக்க உள்ளே ஒரு கதவு திறப்பதும் அடைப்பதுமாக இருந்திருக்கிறது.

"இங்க பாரு முகைதீன்."

அவன் பார்த்தான். படத்தை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டான்.

குரல்வளை முதலில் பேசுவதற்காக உண்டானதே இல்லை. நீரைவிட்டுக் கரையேறிய ஏதோ ஒரு மீனின் தொண்டையில், மூச்சுப் பைக்குள் தண்ணீர் போகாமல் அடைக்கிற வால்வாக வந்தது அது. குரல் ரொம்பப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் படித்ததுதான். ஆனால் அந்தப் பழைய கதவு இன்னும் வேலையை விடவில்லை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. தண்ணீரை அடைக்கிற அதே இறுக்கத்தோடு அது சொல்லை அடைத்தது. பேசுவதற்கு ஒரு உறுப்பு இருப்பது போல, பேசாமல் இருப்பதற்கும் ஒரு உறுப்பு இருக்கிறது. இரண்டும் ஒன்றே. அவள் கழுத்தில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குள் வந்துவிட்டு எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாதவள் போல இருந்தாள்.

அந்த மூடலுக்குத் தாழ் என்று பெயர் வைத்தார்கள். இசக்கியின் இடப்பக்கத் தாழ் விழவில்லை. நரம்பு செத்த கதவு. அதனால்தான் பட்டைக்குச் சொன்ன சொல்லும் சொல்லாத சொல்லும் ஒன்றாகத் தெரிந்தன.

பட்டைக்கு ஒரு தாழைக் கற்றுக்கொடுக்க வேண்டும். தாழ் விழுவதற்கு முன்னால் மூச்சு எப்படி நிற்கிறது, தசை எப்படி இறுகுகிறது என்று இயந்திரம் பார்த்துப் படிக்க வேண்டும். அதற்கு ஆயிரம் ஆயிரமாகத் தாழ்கள் வேண்டும். அவ்வளவும் இருந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: ஜெபகனியின் ஒப்புப்படங்கள், இயந்திரம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும்.

"என்னென்ன சொல்லை முழுங்குனீங்கன்னும் பாத்துரலாமே டாக்டர்," என்றான் முகைதீன். "ரெண்டு விசை தட்டுனா எழுத்தா வந்துரும். என்னைப் பத்தி இருக்கும், எனக்குத் தெரியும்."

"சொல் வேண்டாம். தாழ் மட்டும் போதும்."

"பயமா?"

"வேலையைப் பாரு."

எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் என்று அவள் நினைத்தாள். நாகரிகம் தெரிந்த மனிதர்கள் சிலவற்றைச் சொல்வதில்லை. அதைத்தான் இயந்திரம் கற்கப் போகிறது. அது என்ன கற்றது என்று பிறகும் அவள் திறந்து பார்க்கவில்லை.

தாழ் போட்ட பட்டை பிரமாதமாக வேலை செய்தது. இசக்கி வார்டு முழுக்க நடந்து பேசினாள். இட்லியைப் பற்றிச் சொன்னாள். முகைதீனின் மீசையை மறுபடி ஒரு பிடி பிடித்தாள், இந்தத் தடவை வேண்டுமென்றே.

"இதையெல்லாம் தாழ் புடிக்காதா?" என்று அவன் கேட்டான்.

"எதுக்குப் புடிக்கணும்? ஒங்களைப் பாத்தா எனக்கென்ன பயமா?"

பிறகு வராந்தாவில் காலை அகட்டிக் குனிந்து நின்று, "கபடி கபடி கபடி" என்று பாட ஆரம்பித்தாள். பட்டை பாடிக்கொண்டே போனது. நடுவில் மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். பாட்டு நிற்கவில்லை. அவள் நின்றாள்.

"மூச்சு முட்டுறதுக்குள்ள போய்த் தொட்டுட்டு வரதுதான்க்கா ஆட்டம். இது மூச்சே இல்லாமப் பாடுது. எந்த நடுவர் ஒத்துக்கிடுவாரு?" சிரிக்க முயன்றாள். "சரி, போட்டும். ரயில்வே டீம்ல சொல்லிக்குடுக்கவாச்சும் எடுத்துக்கிடுதோம்னு சொல்லியிருக்காவ. விடுதியில என்னைய அனுப்பிவிட்டாப் போதும்."

அப்போது சிதம்பரநாதன் வந்தார். இசக்கி நிமிர்ந்தாள். "வணக்கம் சார். நல்லாருக்கேன் சார்," என்றது பட்டை. அதோடு நிறுத்திக்கொண்டது. "பாத்தியா, என்ன மரியாதை," என்று அவர் மகிழ்ந்து போனார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெபகனியும்தான். அந்த மாதமே தாழ் போட்ட பட்டைகள் நாடெங்கும் போக ஆரம்பித்தன.

விளையாட்டு விடுதியில் பெரிய காயம் என்றால் விசாரணை கட்டாயம். ஓய்வுபெற்ற நீதிபதி திலகவதி தலைமையில் குழு. சங்கத்திலிருந்து ஒரு வழுக்கைத் தலை உறுப்பினர். மருத்துவ ஆலோசகராக சிதம்பரநாதன். பட்டையின் படத்தைத் திரையில் காட்ட ஜெபகனி. எதிரே துரைராசு மாஸ்டர், கையைக் கட்டிக்கொண்டு.

ஆட்டத்தில் பட்ட காயம் என்று முடிவானால் இசக்கி அதே விடுதிக்குத் திரும்ப வேண்டும். ஒப்பந்தம் அப்படி. ரயில்வேக்கு விடுவிக்கும் கையெழுத்தும் மாஸ்டருடையது. அந்த விடுதியில் மற்றப் பெண்களும் இருந்தார்கள்.

"காயம் எப்படிப் பட்டதும்மா?" என்று திலகவதி கேட்டார்.

பட்டை பேசவில்லை.

"ஆட்டத்துல பட்டதா?"

பட்டை பேசவில்லை. இசக்கியின் உதடுகள் அசைந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் மேசையிலிருந்த பேனாவை எட்டி எடுத்தாள்.

"எழுத்து செல்லாதும்மா. ஒனக்கே தெரியும். வாயால சொல்லு, இல்லன்னா பட்டையால சொல்லு."

மாஸ்டர் மெதுவாகச் சொன்னார், "பிள்ளை பயந்துருக்கு மேடம். பாவம்."

"ஆட்டக் காயம்தான், மறுப்பு இல்லைன்னு போட்டுரலாமே," என்றார் சிதம்பரநாதன். "மறுகுரல் பொய் சொல்லாது. சொல்ல ஒண்ணும் இல்லன்னா சும்மா இருக்கும்."

ஜெபகனி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கியின் தொண்டையில் சொற்கள் பிறந்துகொண்டே இருந்தன. ஒன்று, அடுத்தது, அடுத்தது. வாசல் வரை வந்தன. ஒவ்வொன்றின் மேலும் தாழ் விழுந்தது. இசக்கியின் தாழ் இல்லை. அவளுக்குத்தான் அது செத்துவிட்டதே. பட்டையின் தாழ். மூச்சு ஒரு இழை தயங்கும், இடப்பக்கம் ஒரு மயிர் முந்தி இறுகும், பிறகு மூடும். அந்த இறுக்கத்தை ஜெபகனி எங்கு பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வாள். தன் சொந்தக் கையெழுத்து போல.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இயந்திரம் அவளிடம் நாகரிகத்தைக் கற்கவில்லை. ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க, கூரையைப் பார்த்துக் கிடந்தவளின் கழுத்திலிருந்து அது ஒன்றே ஒன்றைத்தான் கற்றிருந்தது: பயத்தோடு வருகிற சொல்லை அடை. முகைதீனின் மீசைக்கு அது வழிவிட்டது. இதற்கு விடாது. இசக்கிக்கு அவள் குரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாயை மட்டும் ஜெபகனி தன்னுடையதாக்கிக் கொடுத்திருக்கிறாள். இசக்கிக்கு மட்டுமா? பட்டை போன ஊருக்கெல்லாம்.

"மேடம்," என்றாள். "பட்டையில தாழ் விழுது. அவ பேசிட்டுத்தான் இருக்கா. தாழை எடுத்துட்டா கேக்கும்."

"அது முறையில்ல," என்றார் சிதம்பரநாதன். "தாழ் இல்லாமப் பேசுறது விருப்பப்பட்டுப் பேசுறதாகாது."

திலகவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கழுத்துல பொறந்ததா இல்லையா, அதுதான் சட்டம். தாழைப் பத்தி சட்டத்துல ஒரு வரியும் இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க."

ஜெபகனி இசக்கி பக்கம் திரும்பினாள். "எடுத்துரட்டா? எல்லாம் வெளிய வரும். ஒண்ணும் விடாம. அன்னைக்கு மாதிரி."

இசக்கி மாஸ்டரைப் பார்த்தாள். பட்டையைத் தொட்டாள். சரி என்று தலையை ஆட்டினாள்.

ஜெபகனி தாழை எடுத்தாள்.

"தண்ணி தவிக்கி. இந்த மொட்டை எப்பப் பாத்தாலும் தூங்குதாரு, இவரு எதுக்கு வந்தாரு," என்றது பட்டை. வழுக்கைத் தலை உறுப்பினர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யம்மா பயமா இருக்கு. சொல்லிரு, சொல்லிரு. மாஸ்டர் கை. சாமான் ரூம்ல. ரயில்வேக்குப் போறேன்னு சொன்னேன். நான் வளத்த குதிரை, எவனை ஏற விட்டுருவேன்னு கேட்டாரு. நாலு பேர் மாதிரி நானும் சம்பாதிக்கணும்லான்னேன். செவுத்தோட சேத்து வச்சுப் புடிச்சாரு. ஒரு கையால. கண்ணு இருட்டிட்டு. ஆட்டத்துல பட்டுதுன்னு சொல்லு, இல்லன்னா தங்கச்சியும் இங்கதான் இருக்கான்னு சொன்னாரு. ஒன் தங்கச்சிய விட்டுட்டு வந்துட்டியே இசக்கி, அவ இப்ப அங்கதான் இருக்கா—"

மாஸ்டர் எழுந்தார். "இதெல்லாம் இயந்திரம் கட்டுற கதை மேடம்!"

"ஒக்காருங்க," என்றார் திலகவதி.

பட்டை நிற்கவில்லை. நிறுத்துவதற்கு அதில் எதுவும் இல்லை. "யார்ட்ட எழுதிக் குடுக்க? எழுதுனா எவன் நம்புவான்? இந்த டாக்டரக்காவுக்கே தெரியும். படத்தைப் பாத்த ஒடனே அவ மூஞ்சி மாறிட்டு. மாஸ்டரைப் பாத்தா. என்னையப் பாத்தா. நான் நெனச்சேன், அக்கா சொல்லிருவா. அக்கா பேனாவை மூடிட்டா."

இசக்கியின் முகம் வெளுத்தது. இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். பட்டையைக் கழற்றக் கை போனது, ஆனால் கழற்றவில்லை.

எல்லோரும் ஜெபகனியைப் பார்த்தார்கள்.

"அப்படியா டாக்டர்?" என்றார் திலகவதி.

மேசைக்கு அந்தப் பக்கம் சிதம்பரநாதன் லேசாகத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று.

ஜெபகனியின் கழுத்தைச் சுற்றி எந்த வளையமும் இல்லை. ஆனால் உள்ளே நடப்பது அவளுக்குத் திரையில் தெரிவது போலத் தெரிந்தது. நாக்கின் அடியில் சொல் திரண்டது. நெஞ்சுக்குள் இறங்கிய நரம்பு பெருநாடியைச் சுற்றி மேலே ஏறியது. மூச்சு ஒரு இழை தயங்கியது. இடப்பக்கம் ஒரு மயிர் முந்தி இறுகியது. இப்போது விழும். அவ்வளவு பெரிய பயத்துக்கு அவ்வளவு சின்னத் தசை. சுண்டு விரல் நகத்தளவுகூட இருக்காது. இதற்கா இத்தனை காலம் பணிந்து கிடந்தோம் என்று அவளுக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது.

"ஆமா," என்றாள். "ஆட்டத்துல விழுந்த அடி இல்ல. முன்னால இருந்து அடிபட்டா கேடயம் நடுவுல பிளக்கும். இங்க கொம்பு ரெண்டும் உள்பக்கமா முறிஞ்சிருக்கு. ஒரு பக்கம் பெருவிரல், மறுபக்கம் நாலு விரல். அன்னைக்கே பாத்தேன். அன்னைக்கே தெரியும்."

துரைராசு அன்றே விடுதியைவிட்டு வெளியேற்றப்பட்டார். வாசலில் போலீஸ் வண்டி நின்றது. இசக்கி ரயில்வேக்குப் போனாள், தங்கையைக் கையோடு அழைத்துக்கொண்டு. போகும்போது ஜெபகனியிடம் நன்றி சொல்லவில்லை. தாழ் இல்லாத பட்டை, மனதில் இருந்தால் சொல்லியிருக்கும்.

ஜெபகனி பட்டை செய்த நிறுவனத்துக்குத் தாழைத் திரும்பப் பெறச் சொன்னாள். அது ஒருத்தியின் பயம், எல்லோருடைய கழுத்திலும் மாட்டாதீர்கள் என்றாள். நிறுவனம் பட்டை அணிந்தவர்களின் வீடுகளில் கேட்டுப் பார்த்தது. யாருக்கும் சம்மதமில்லை. இப்போதுதான் மருமகள் ஒழுங்காகப் பேசுகிறாள் என்றார்கள். இப்போதுதான் அப்பா அதிகாரியிடம் வாய் கொடுக்காமல் இருக்கிறார் என்றார்கள். கொஞ்ச நாளில் தொண்டையில் எந்தக் குறையும் இல்லாதவர்களே மருத்துவமனை வராந்தாவில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். குரல் வேண்டாம் டாக்டர், எங்களுக்குக் குரல் இருக்கிறது. அந்தத் தாழ் மட்டும் கிடைக்குமா?

ஒரு நாள் காலை வழக்கம் போல வளையத்துக்குள் படுத்தாள். ஆ, ஈ, ஊ. மௌனப் படம். கண்ணாடிக்குப் பின்னால் சிதம்பரநாதன் வந்து நின்றார். முந்தின நாள்தான் அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் அறையிலேயே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லியிருந்தாள். இப்போது விழுங்க எதுவுமில்லை. கூரையில் ஒரு பல்லி நகர்ந்தது. அதைப் பார்த்தாள். உள்ளே அமைதியாக இருந்தது. இப்படியும் இருக்கும் என்று அவளுக்கு இதற்குமுன் தெரியாது.

வளையம் பாதியில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன ஆச்சு?"

முகைதீன் திரையைப் படித்தான். மறுபடி படித்தான். "ஒப்புப்படம் ஏத்துக்கலை டாக்டர். இடத்தாழ் விழவில்லை, வலத்தாழ் விழவில்லைங்குது. நரம்புக் காயம் இருக்கலாமாம். ஒடனே டாக்டரைப் பாக்கணுமாம்."

"நாந்தான் டாக்டர்."

"அது தெரியாது இதுக்கு. வேற நலமான மிடறு வேணும்னு கேக்குது. நாட்டுல உள்ள எல்லா மெஷினும் நின்னுட்டாம், இங்கருந்து ஒப்புப்படம் போற வரைக்கும்." வராந்தாவை எட்டிப் பார்த்தான். தாழ் கேட்டு வந்தவர்கள் முழங்காலில் கைவைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அதுக்கென்ன," என்றார் சிதம்பரநாதன். "வெளியில இத்தனை பேர் இருக்காங்களே. யாரையாவது கூப்புடு."